வாசகர் கேள்வி–பதில்: ஹாம் வானொலி

கேள்வி: நாங்கள் நாலைந்து ஹாம்கள் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) சேர்ந்து எங்கள் கியூ.எஸ்.எல். கார்டுகளை ஒரே கட்டாக பீரோவுக்கு அனுப்ப நினைக்கிறோம். எப்படிப் பிரித்து அடுக்குவது?
— மண்டபம் வாசகர்

பதில்: பீரோ என்றதும் வீட்டில் யாரும் துணி பீரோவைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வானொலியில் பேசியதற்குச் சாட்சியாக அனுப்பும் இந்த கியூ.எஸ்.எல். கார்டுகளை மொத்தமாக வாங்கி, நாடுவாரியாகப் பிரித்து அனுப்பும் இடம் அது. இந்தியாவில் இதை நடத்துவது அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா. பிரிப்பவர்கள் தன்னார்வலர்கள், ஒரு கார்டைப் பார்க்க அவர்களுக்குக் கிடைப்பது ஓரிரு நொடிதான்.

முதலில் எல்லாக் கார்டுகளையும் கவிழ்த்து வையுங்கள். புதிதாகப் பிரிக்க உட்காருகிறவர் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் கால்சைனை, அதாவது நிலையத்தின் அடையாளக் குறியை, பார்த்துப் பிரித்துவிடுவார். அது அனுப்பியவருடையது! போய்ச்சேர வேண்டியவரின் கால்சைனைப் பின்பக்கம், வலது மேல் மூலையில் பெரிதாக எழுதுங்கள். சுழியத்துக்குக் குறுக்குக் கோடு போடுங்கள், இல்லாவிட்டால் அது 'ஓ' ஆகிவிடும்.

அடுத்து 'வயா' (வழியாக) என்று போட்டு, அந்த நிலையத்துக்காகக் கார்டுகளை வாங்கிக்கொள்ளும் மேனேஜர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். மாலத்தீவு நிலையத்துக்கு மேனேஜர் இத்தாலிக்காரர் என்றால், கார்டு இத்தாலிக் கட்டில்தான் போக வேண்டும். இலங்கைக்குப் போய் '4எஸ்7/' என்று தன் கால்சைனுக்கு முன்னால் சேர்த்துப் பேசிய இந்தியரின் கார்டு, வேறு குறிப்பு இல்லாவிட்டால், சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள வி.யு. கால்சைன்படி இந்தியக் கட்டுக்குத்தான்.

கால்சைனின் தொடக்கத்தில் நாட்டைக் காட்டும் முன்னெழுத்துகளிலும் வழுக்கும். ஏ.டி., ஏ.யு., 8டி எல்லாம் நம்முடையவை, ஏ.எக்ஸ். ஆஸ்திரேலியா. 4எஸ் இலங்கை, 4எக்ஸ் இஸ்ரேல். அமெரிக்கக் கார்டுகளைக் கால்சைனில் உள்ள எண்படி 0 முதல் 9 வரை அடுக்கிவிடுங்கள். அங்கே அந்த எண்படிதான் பிரிக்கிறார்கள்.

கார்டின் அளவு 14 × 9 செ.மீ. இதை மீறிய கார்டு கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு மடங்கும். 250 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 250 கிராம்) அட்டை என்றால் ஒன்று சுமார் 3 கிராம்; 100 கார்டு 300 கிராமுக்குச் சற்று மேல், உயரம் ஏறக்குறைய 3 செ.மீ. பிரிப்பதற்குச் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியே போதும், நாட்டுக்கு ஒரு தடுப்பட்டை செருகினால் சரி.

ரப்பர் பேண்ட் மட்டும் வேண்டாம். நம் வெயிலில் இளகி கார்டோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரியும். ஸ்டேப்ளர் பின் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கறை விடும். அகலமான தாள் பட்டை சுற்றி நூலால் கட்டுங்கள். வாடைக் காலத்தில் பளபளப்புக் கார்டுகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். இங்க்ஜெட்டில் அச்சிட்டதை ஈரக்கையால் தொட்டால் மை பரவிவிடும்.

கேள்வி: 'உங்கள் பெயர் எங்கள் லாகில் (பேசியதைப் பதியும் ஏட்டில்) இல்லை' என்று ஒரு கார்டு திரும்பி வந்தது. ஆனால் நான் பேசியது உண்மை!
— கீழக்கரை வாசகர்

பதில்: நேரத்தைப் பாருங்கள். கார்டில் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரம்தான் இருக்க வேண்டும், அதாவது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்தால் வருவது. ஜூன் 15 அதிகாலை 4 மணிக்குப் பேசினால் கார்டில் ஜூன் 14, 22:30. பலர் மணியை மாற்றிவிட்டுத் தேதியை மறந்துவிடுகிறார்கள். மாதத்தையும் எழுத்தில் எழுதுங்கள்; 05/06 என்றால் சிலருக்கு ஜூன், சிலருக்கு மே. தவறு கண்டால் புதுக் கார்டு எழுதுங்கள். அடித்துத் திருத்தியதை, கார்டுகளைக் காட்டி வாங்கும் விருதுக்கு ஏற்கமாட்டார்கள்.

கேள்வி: எங்கள் ஊரின் கிரிட் எண் (ஊர் விழும் வரைபடச் சதுரத்தின் குறியீடு) என்ன?
— தங்கச்சிமடம் வாசகர்

பதில்: எம்.ஜே.99. தொண்டி முதல் தனுஷ்கோடி வரை கரை முழுக்க இதுவேதான். தலைமன்னாரும் இதே சதுரத்தில் வருவதால், கிரிட்டை மட்டும் வைத்து நாட்டைச் சொல்ல முடியாது.

கேள்வி: மகளுக்கு உரிமம் இல்லை, கேட்க மட்டும் செய்கிறாள். கார்டு அனுப்பலாமா?
— ராமேஸ்வரம் வாசகர்

பதில்: அனுப்பலாம். கேட்ட நிலையம் யாரோடு பேசிக்கொண்டிருந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது கால்சைன் இல்லாத கார்டுக்குப் பதில் வருவது அபூர்வம்.