பாடமாக்கிய பேச்சு

வணக்கம் அக்கா,

எனக்கு 17 வயது. சாவகச்சேரிக்குப் பக்கத்தில் ஊர், உயர்தரம் கலைப்பிரிவு படிக்கிறேன். இளையோர் தலைமைத்துவப் பயிற்சி ஒன்றுக்காக ஜூலையில் இரண்டு வாரம் வாஷிங்டன் போகத் தெரிவாகியிருக்கிறேன். பல மாவட்டப் பிள்ளைகள் வருகிறார்கள், முதலில் கொழும்பில் ஆயத்தப் பயிற்சி. வாஷிங்டனில் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும், 'என் ஊர்' என்று மூன்று நிமிடம் பேசவும் வேண்டும். ரீச்சர் எழுதித் தந்த பேச்சு யாழ்ப்பாண நூலக எரிப்பில் தொடங்கி முள்ளிவாய்க்காலில் முடிகிறது. பாடமாக்கிவிட்டேன், ஆனால் யாராவது கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வேன். கொழும்புப் பிள்ளைகள் மாதிரி இங்கிலிஷும் வராது. நாங்கள் சைவம், சாப்பாட்டை நினைத்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. என்ன ஆயத்தம் செய்யலாம்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தங்கைக்கு,

சாப்பாட்டுக் கதையை முதலில் முடிப்போம், அம்மா நித்திரை கொள்ளட்டும். மரக்கறிச் சாப்பாடு அங்கே தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மீன், முட்டை, கோழி அவித்த தண்ணீரில் வைத்த சூப் எதுவும் சாப்பிட மாட்டேன் என்று படிவத்திலேயே விளக்கமாக எழுதிவிடுங்கள். (கோழியை மரக்கறிக் கணக்கில் சேர்க்கிற ஆட்கள் எங்கேயும் உண்டு.) தங்கும் வீட்டுக்குப் பருத்தித்துறை வடையும் பனங்கட்டிக் குட்டானும் போதும். அம்மா கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பெட்டிக்குள் வைக்கப் பார்ப்பார், விடாதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். ஸ்வெட்டர் வாங்கு வாங்கு என்று ஊரே சொல்லும். ஜூலையில் வாஷிங்டன் நம்மூர் மாதிரியேதான் புழுங்கும், ஏசி அறைக்கு ஒன்று காணும்.

இங்கிலிஷுக்கும் பயப்பட வேண்டாம். மெதுவாகக் கதையுங்கள், விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள், அவ்வளவுதான்.

இனி அந்தப் பேச்சு. அதில் இருப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. 1981இல் நூலகம் எரிந்தது, சுமார் 97,000 புத்தகங்கள் போயின, இதை உலகத்துக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது ரீச்சரின் பேச்சு. நூலகம் எரிந்தபோது நீங்கள் பிறக்கவில்லை, 2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, கைக்குழந்தை. கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்கிறீர்களே, காரணம் அதுதான், இரவல் வாங்கின கதைக்குள் நின்று பதில் சொல்ல ஏலாது. திருத்திக் கட்டிய நூலகம் இருபது வருடத்துக்கு மேலாகத் திறந்திருக்கிறது, உங்களுக்கு அதில் அங்கத்துவ அட்டை இருக்கிறதா? இல்லையென்றால் இந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறுங்கள். போய் உட்கார்ந்து ஒரு புத்தகத்தையாவது வாசித்துவிட்டு வந்து அந்த முதல் பந்தியை உங்கள் கையால் எழுதிப் பாருங்கள்.

போர்க்காலத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். அவர் சொல்லாமல் விட்டால் விட்டுவிடுங்கள், சொன்னால் இதை அங்கே சொல்லலாமா என்று இன்னொரு முறை கேளுங்கள், ஏனென்றால் அது அவருடைய கதை, தெரியாத முப்பது பேருக்கு முன்னால் கைதட்டுக்காக எடுத்து வைக்கிற சாமான் இல்லை. யாராவது கேட்டால், 'நான் அப்போது குழந்தை, அம்மா சொல்லித்தான் தெரியும்' என்று சொல்லலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நீங்கள் வாஷிங்டனை நினைத்துப் பயப்படுகிறீர்கள், என்னைக் கேட்டால் கஷ்டமான இடம் கொழும்புதான். அமெரிக்கர்கள் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்பார்கள். பக்கத்துக் கட்டிலில் படுக்கிற மாத்தறைப் பிள்ளை அப்படிக் கேட்காது. அந்தப் பிள்ளையின் அண்ணன் இராணுவத்தில் இருந்திருக்கலாம், திரும்பி வராமலும் போயிருக்கலாம். உங்கள் பேச்சு அதற்கு ஒரு மாதிரிக் கேட்கும், அது சொல்வது உங்களுக்கு வேறு மாதிரிக் கேட்கும். அதற்கென்று எதையும் மறைக்க வேண்டாம், ஆனால் அந்தப் பிள்ளை கதைத்து முடிக்கும்வரை பொறுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தைக் கொஞ்சம் தூசு தட்டி வையுங்கள், இரவில் உதவும்.

புத்தளத்திலிருந்து ஒரு முஸ்லிம் பிள்ளை வந்து, 'எங்கள் உம்மம்மாவும் யாழ்ப்பாணம்தான்' என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ் நகரத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்தது புத்தளத்துக்கு. உங்கள் ரீச்சரின் பேச்சில் இது எங்கேயாவது வருகிறதா? வராது, நம் மேடைப் பேச்சுகளில் வழக்கமாக இது வருவதில்லை, எனக்கு அதில் கோபம் உண்டு. நூலகத்துக்குப் போகிற அன்றைக்கே, யாழ் நகரத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த ஐந்துசந்திப் பக்கமும் நடந்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்து கடை போட்டிருக்கிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அது இல்லாமல் 'என் ஊர்' என்று மூன்று நிமிடம் பேசினால், அந்தப் புத்தளத்துப் பிள்ளைக்கு அது பாதி ஊராகத்தான் தெரியும்.

அம்மாவிடம் ஒன்று சொல்லி வையுங்கள். ஜூலையில் அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஐந்தரை. தேத்தண்ணி வைக்க எழும்புகிற நேரம்தானே, வட்சப்பில் எடுத்து அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று விபரமாகச் சொல்லிவிட்டுப் படுங்கள்.

அன்புடன்,
அக்கா