பழைய கித்தான் கேனோ: கேள்வி பதில்

கேள்வி (பாஸ்டன்): அண்ணா, பழைய சாமான் விற்பனையில் ஒரு பச்சைக் கேனோ (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகு) வாங்கினேன். உள்ளே மரம், வெளியே கித்தான். யார் செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள் தம்பி. இரு நுனியிலும் உள்பக்கம், தரையிலிருந்து வளைந்து ஏறும் கட்டையில் எண் குத்தியிருக்கலாம். தேய்த்தால் போய்விடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வார்னிஷ் மூடியிருந்தால், மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசுங்கள். ஐந்தாறு இலக்கம், சற்றுத் தள்ளி 16 அல்லது 17 என்று தெரிந்தால் அநேகமாக மெய்ன் மாநிலத்து ஓல்ட் டவுன் கம்பெனியின் படகு. தள்ளி இருப்பது அடிக்கணக்கில் நீளம். அந்தக் கம்பெனி ஒவ்வொரு படகுக்கும் குறிப்பு எழுதி வைத்தது: மாடல், மரம், நிறம், கித்தான் போட்ட தேதி, அனுப்பிய ஊர். பழைய மரக் கேனோ ஆர்வலர்களின் சங்கமான வுடன் கேனோ ஹெரிடேஜ் அசோசியேஷன்காரர்களிடம் எண்ணைச் சொன்னால் தேடித் தருவார்கள். உங்கள் படகு முதன்முதலில் எந்த ஊருக்குப் போனது என்று படிக்கும்போது வரும் சந்தோஷமே தனி.

கேள்வி (டொராண்டோ): எங்களுடையதில் எண்ணே இல்லையே?

பதில்: அப்படியானால் செஸ்ட்நட் கம்பெனியின் படகாக இருக்கலாம். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துப் பிரெடெரிக்டனில் செய்தது. பெரும்பாலும் எண் இருக்காது. ஆனால் செஸ்ட்நட் செய்ததைப் பீட்டர்பரோ என்ற இன்னொரு கம்பெனியின் பெயரிலும் விற்றிருக்கிறார்கள். அதனால் ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். விலாச்சட்டங்களின் (உள்ளே விலா எலும்பு போலக் குறுக்காக வளைந்திருக்கும் சட்டங்கள்) அகலத்தையும் இடைவெளியையும் அளந்து, செஸ்ட்நட் என்று உறுதியாகத் தெரிந்த படகோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி (நியூஜெர்சி): கித்தான் கிழிந்திருக்கிறது. ஃபைபர்கிளாஸ் ஒட்டிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சீடர் மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கித்தான் அதற்கு இடம் கொடுக்கும், ஃபைபர்கிளாஸை ஒட்டும் ரெசின் பசை கொடுக்காது. அப்புறம் ஒரு பலகையை மாற்ற வேண்டுமென்றாலும் எல்லாவற்றையும் உரிக்க வேண்டும். யாரோ ஒட்டிய ஃபைபர்கிளாஸை ஹீட் கன் வைத்து நான் இரண்டு வாரம் உரித்திருக்கிறேன், மரமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. கித்தான் என்பதே சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதற்காகப் போட்டதுதான். புதுக் கித்தானில் எண்ணெய் சேர்ந்த ஃபில்லரை (நூல் இடைவெளியை அடைக்கும் பூச்சு) தேய்த்தால், பெயின்ட் அடிப்பதற்கு முன் மூன்று நான்கு வாரம் காய விடுங்கள். பழைய பெயின்ட்டிலும் ஃபில்லரிலும் ஈயம் இருக்கலாம். நனைக்காமல் தேய்க்காதீர்கள், மாஸ்க் கட்டாயம்.

கேள்வி (அதே நண்பர்): ஒரு விலாச்சட்டம் முறிந்திருக்கிறது. அதை?

பதில்: புதுச் சீடர் சட்டத்தை இரவு முழுக்க ஊறவைத்து, அரை மணி நேரம் போல ஆவியில் வையுங்கள். எடுத்தவுடன் படகின் வெளிப்பக்கத்திலேயே வளைத்துக் கட்டுங்கள். முறிந்த இடத்துக்கு நேராக அல்ல. நுனிப் பக்கம் ஒன்றிரண்டு சட்டம் தள்ளி. வெளிப்பக்கம் பலகையும் சட்டமும் சேர்ந்த கனத்தின் அளவு அகலம் கூடுதல், நுனிப் பக்கம் படகு குறுகும். இரண்டும் ஈடாகி உள்ளே கச்சிதமாகப் பொருந்தும். காய்ந்தபின் சட்டத்தை உள்ளே பொருத்தி, வெளியிலிருந்து பித்தளை ஆணி அடியுங்கள், உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆணி முனை இரும்பில் முட்டித் தூண்டில் முள் போல வளைந்து மரத்துக்குள்ளேயே திரும்பிப் புதையும். விரலால் தடவிப் பாருங்கள். முனை குத்தினால் இன்னொரு தட்டு தட்டுங்கள்.