டெக்லா தெரிஞ்சா போதுமா?

கேள்வி: சார், டிப்ளமோ முடிச்சுட்டு மூணு மாசம் டெக்லா (ஸ்டீல் கட்டடத்தை 3டி மாடலா போடற சாஃப்ட்வேர்) கோர்ஸ் போனேன், இப்ப கோவையில ஒரு ஸ்டீல் டீட்டெய்லிங் (ஸ்டீல் பாகங்களைச் செய்ய வரைபடம் போடற) ஆபீஸ்ல ட்ரெயினி, எல்லாம் அமெரிக்கா வேலைதான். மாடல் வேகமா போட்டுடறேன், ஆனா செக்கர்கிட்ட போன டிராயிங் ஷீட் தப்புக்கெல்லாம் மார்க் போட்டு சிவப்பா திரும்பி வருது. எதைப் படிக்கணும்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: தம்பி, அந்த சிவப்பு ஷீட்டைத் தூக்கிப் போட்றாதீங்க, ஒவ்வொரு மார்க்குக்கும் ஏன்னு செக்கர்கிட்ட கேட்டு ஒரு நோட்ல எழுதி வைங்க. அடுத்தது ஏஐஎஸ்சி, அதாவது அமெரிக்க ஸ்டீல் கட்டுமான இன்ஸ்டிடியூட்டோட மேனுவல், 16வது எடிஷன் 2023ல வந்துச்சு, விலை ஜாஸ்தி, ஆபீஸ் காப்பியை வாங்கிப் படிங்க. ஸ்பெசிஃபிகேஷன் 360, கோட் ஆஃப் ஸ்டாண்டர்ட் பிராக்டிஸ் 303 ரெண்டும் அவங்க சைட்லயே ஃப்ரீயா இறக்கிக்கலாம். 303ஐ பாதிப் பேர் திறந்துகூட பாக்கறதில்லன்னு எனக்கு ரொம்ப வருத்தம், என்ஜினியர் பொறுப்பு எது ஃபேப்ரிகேட்டர் (ஸ்டீல் பாகங்களைச் செஞ்சு கொடுக்கறவர்) பொறுப்பு எதுன்னு அதுலதான் இருக்கு, அது தெரியாம ஆர்எஃப்ஐ (டிராயிங்ல வர்ற சந்தேகத்தை எழுதிக் கேக்கறது) எப்படி எழுதுவீங்க?

செக்‌ஷன் டேபிளை (ஸ்டீல் பீம் வகைகளோட அளவுப் பட்டியல்) தினமும் புரட்டுங்க. டபிள்யூ 14 எக்ஸ் 730ங்கற ஐ வடிவ ஸ்டீல்னா ஆழம் 14 இன்ச்சுன்னு நினைப்போம், நிஜத்துல 22.4 இன்ச், 730ங்கறது ஒரு அடிக்கு எத்தனை பவுண்டுங்கற கணக்கு. நான் புதுசா இருந்தப்ப ஒரு பீம் கனெக்‌ஷன்ல போல்ட் எல்லாம் அழகா வச்சேன், மாடல்ல ஒரு கிளாஷும் (பாகங்க ஒண்ணோட ஒண்ணு இடிக்கறது) இல்ல, ஆனா மேல் போல்ட் ஃப்ளேஞ்சுக்கு (பீமோட மேல் கீழ் தட்டு) ரொம்பப் பக்கத்துல இருந்ததால சைட்ல ஸ்பேனரே நுழையல. டைட்டனிங் கிளியரன்ஸ் (போல்ட்டை முடுக்க வேண்டிய இடைவெளி) டேபிள் அதே மேனுவல்லதான் இருந்துச்சு, நான் பாக்கல.

1981 ஜூலை 17, கன்சாஸ் சிட்டி ஹயாத் ரீஜென்சி ஹோட்டல்ல தொங்கு நடைபாதைங்க விழுந்து 114 பேர் இறந்தாங்க. மேலிருந்து கீழ் நடைபாதை வரைக்கும் ஒரே ராடா இருக்க வேண்டியதை ஷாப் டிராயிங் (பட்டறையில பாகங்களைச் செய்ய போடற வரைபடம்) கட்டத்துல ரெண்டு ராடா மாத்திட்டாங்க, அதனால மேல் நடைபாதை பீமுக்கு அடியில இருந்த நட்டு மேல கீழ் நடைபாதை பாரமும் சேர்ந்து ரெண்டு மடங்காச்சு, அந்த மாத்தத்தை யாரும் கணக்கு போட்டுப் பாக்கல. நம்ம டேபிளைத் தாண்டிப் போற ஷீட்டும் இதே மாதிரி ஷாப் டிராயிங்தான் தம்பி, இதை மறக்காதீங்க.

கேள்வி: நம்ம ஊர் வேலைக்கு இதே புக் போதுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: போதாதும்மா. இங்க ஸ்டீல் கட்டுமானத்துக்கான இந்திய ஸ்டாண்டர்ட் ஐஎஸ் 800, 2007 பதிப்பு, அப்புறம் செக்‌ஷனுக்கு ஐஎஸ் 808, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சைட்ல ரெஜிஸ்டர் பண்ணா காசில்லாம கிடைக்கும். 20 எம்எம் போல்ட்டுக்கு 22 எம்எம் ஓட்டை, பிட்ச் (ரெண்டு போல்ட் மையத்துக்கு நடுவுல உள்ள தூரம்) குறைஞ்சது 50 எம்எம், இந்த மாதிரி நம்பரெல்லாம் விரல்நுனியில இருக்கணும். முக்கியமா, நம்ம ஐஎஸ்எம்பி (இந்திய ஐ வடிவ பீம்) ஃப்ளேஞ்சோட உள்பக்கம் சரிவா இருக்கும், அமெரிக்க டபிள்யூ மாதிரி நேரா இருக்காது, அதனால ஃப்ளேஞ்ச்ல போல்ட் போட்டா டேப்பர் வாஷரை (அந்தச் சரிவை ஈடுகட்டற வாஷர்) மறக்காம பில் ஆஃப் மெட்டீரியல்ல (தேவையான பொருள் பட்டியல்) சேருங்க.