இன்சர்ட் பெட்டியில் ‘ரேக்’ எதற்கு?

சிங்கப்பூரின் துவாஸில் ஓர் இயந்திரப் பட்டறையில் லேத் (கடைசல் இயந்திர) வேலை பழகும் வாசகர் கேட்கிறார்: “புளோக்குக்குக் கீழே இலை வாரும் கருவியைத்தானே ரேக் என்கிறோம்? இன்சர்ட் கேட்டலாக்கில் பாசிட்டிவ் ரேக், நெகட்டிவ் ரேக் என்று இருக்கிறது. ஊர்ச் செய்தியிலோ நிலக்கரி ரேக் வந்தது என்கிறார்கள். எப்படிப் புரிந்துகொள்வது?”

இன்சர்ட் என்பது லேத்தில் உலோகத்தைச் சீவும், மாற்றிப் போடக்கூடிய சிறு வெட்டுமுனை. அதன் கேட்டலாக்கைத் திறந்ததும் தோட்டத்தை மறந்துவிடுங்கள். அங்கே ரேக் என்றால் சாய்வு. வெட்டும்போது உலோகச் சீவல் இன்சர்ட்டின் ஒரு முகத்தில் உரசிக்கொண்டு வெளியேறுகிறதல்லவா, அந்த முகத்தின் சாய்வுதான் ரேக் கோணம். வெட்டும் விளிம்பிலிருந்து முகம் பின்னோக்கித் தாழ்ந்தால் பாசிட்டிவ். கூர்மை அதிகம், வெட்ட விசை குறைவு; அலுமினியத்துக்கும், அழுத்தினால் வளைகிற மெலிந்த தண்டுகளுக்கும் நல்லது. மறுபக்கம் சாய்ந்தால் நெகட்டிவ். விளிம்புக்குப் பின்னால் சதைப்பற்று இருப்பதால் அடி தாங்கும். ஆனால் இயந்திரத்துக்குப் பலம் வேண்டும், பிடிப்பும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

பெட்டியில் உள்ள குறியீட்டின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். சிஎன்எம்ஜி என்றால் அந்த ‘என்’, வெட்டும் விளிம்புக்குக் கீழே உள்ள பக்கத்தின் சரிவு 0 டிகிரி என்கிறது. இன்சர்ட்டைத் தாங்கும் ஹோல்டர்தான் அதைச் சாய்த்துப் பிடிக்கும்; அதனால் இது நெகட்டிவ் வகை. ஒரு பக்கம் தேய்ந்ததும் புரட்டிப் போடலாம். சிசிஎம்டி என்றால் 7 டிகிரி, பாசிட்டிவ் வகை, ஒரு பக்கம் மட்டுமே. இதில் ஒரு குழப்பமும் உண்டு. நெகட்டிவ் என்று விற்கும் இன்சர்ட்டிலும், சீவலை உடைக்கும் பள்ளம் ஆழமாக இருந்தால் வெட்டுவது பாசிட்டிவாகவே அமையலாம். அதனால் பெயரை மட்டும் நம்பாமல் பள்ளத்தின் படத்தையும் பாருங்கள்.

அரங்கில் பின்வரிசைகள் உயர்ந்துகொண்டே போகும் இருக்கை அமைப்பும், கப்பலின் பாய்மரம் பின்னுக்குச் சாய்ந்திருப்பதும் இதே சாய்வு ரேக்தான்.

ஊர்ச் செய்தியில் வருவது வேறு. இந்திய ரயில்வேயில் எஞ்சின் நீங்கலாக ஒன்றோடொன்று பிணைத்த பெட்டிகளின் தொடருக்கு ரேக் என்று பெயர். சூதாட்டக்கூடத்தில் போக்கர் மேசையில் நிர்வாகம் எடுத்துக்கொள்ளும் கழிவும் ரேக்தான். வாருவது என்ற பொருள் அங்கே நன்றாகப் பொருந்துகிறது! பழைய ஆங்கிலக் கதைகளில் ஒருவனை ரேக் என்றால், குடியிலும் கூத்திலும் சொத்தைக் கரைப்பவன். ஓவியர் ஹோகார்த் 1730களில் அப்படி ஒருவனின் வீழ்ச்சியை 8 ஓவியங்களாகத் தீட்டினார்.

சரி, உங்களுக்கு வேண்டியது சாய்வு என்ற பொருள் மட்டும்தான். கைப்பேசியில் தேடும்போது வெறும் ரேக் என்று போடாமல் ‘ரேக் ஆங்கிள்’ என்று சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் இலை வாரும் கருவி விளம்பரங்கள்தான் வந்து குவியும்.