சாவித் தட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

காலையில் கண்விழித்தது முதல் வீட்டை விட்டுக் கிளம்பும்வரை எனக்கு ஒரே பதற்றம். மாலையில் திரும்பினால் எதையும் செய்யத் தோன்றுவதில்லை. 21 நாட்களில் எதுவும் பழகிவிடும் என்று படித்துவிட்டு, 5 மணிக்கு எழுவது, உடற்பயிற்சி, நாட்குறிப்பு என 11 பழக்கங்களை ஒரே நாளில் தொடங்கினேன். 9ஆம் நாள் தவறியது. அத்தோடு எல்லாம் நின்றுபோயிற்று. நான் மனவுறுதி இல்லாதவள்தானா? ஏதாவது செயலி உதவுமா?

க.

அன்புள்ள க.,

சில வாரங்களாக என் அம்மாவின் நினைவாகவே இருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே எழுத உட்கார்ந்தேன்.

செயலி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 5 மணி விஷயமும் அப்படித்தான். நள்ளிரவில் படுப்பவர் 5 மணிக்கு எழுந்தால் தூக்கம் கெடும், அவ்வளவுதான். ஆனால் ‘மனவுறுதி இல்லாதவள்’ என்று உங்களை நீங்களே ஏசிக்கொண்டிருக்கிறீர்களே, அதற்காக உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர், மாறிய முகம் தன் நோயாளிகளுக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாட்களாவது ஆகிறது என்று 1960ல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது; மிச்சத்தை நம்பி நீங்கள் உங்களைத் தண்டித்துக்கொள்கிறீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 84 நாட்கள் கவனித்து 2010ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாட்கள் ஆகின்றன என்றும், அது ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபடுகிறது என்றும் கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு எதுவும் நேரவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர்கள் ஆளுக்கு ஒரே ஒரு செயலைத்தான் எடுத்துக்கொண்டார்கள், அதையும், காலை உணவு முடிந்ததும் என்பதைப் போல, எப்படியும் அன்றாடம் நடக்கிற ஒன்றோடு கட்டிவைத்தார்கள். நீங்களோ 11ஐ எடுத்து, ஒன்றையும் எதனோடும் கட்டாமல் விட்டீர்கள்.

எங்கள் வீட்டு வாசற்கதவுக்கு உட்புறம், சுவரை ஒட்டிய பலகையில், விளிம்பு நசுங்கிய ஒரு தகரத் தட்டு இருந்தது. வேலையிலிருந்து திரும்பிய அம்மா அதில் சாவியை வைத்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பாள். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, முழங்காலில் ரத்தம் வழிய அழுதுகொண்டு அவள் பின்னாலேயே உள்ளே ஓடினேன். அவள் முதலில் சாவியைத் தட்டில் வைத்தாள். பிறகுதான் என்னைத் தூக்கினாள். அந்த இரண்டு விநாடிகளை நான் பல ஆண்டுகள் மன்னிக்கவில்லை. என்னைவிடச் சாவி பெரிதா என்று உள்ளுக்குள் குமைந்திருக்கிறேன். அவள் அப்போது எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. கதவு திறந்தது, கை தானாகத் தட்டுக்குப் போயிற்று. அவள் கண்கள் அதற்குள் என் முழங்காலில்தான் இருந்தன. மறுநாள் காலையில் அவள் எதையும் தேடவில்லை. தேடாததால் யாரிடமும் எரிந்து விழவில்லை. என் தலையைப் பின்னிவிட அவளுக்கு எப்போதும் நேரம் இருந்தது.

காலைப் பதற்றத்தில் பாதி, முந்தைய மாலை கைபோன இடத்தில் எறிந்த பொருள்களால் வருவது. நீங்களோ களைத்த மாலையை அப்படியே விட்டுவிட்டுக் காலையை மட்டும் திருத்தப் பார்க்கிறீர்கள். அந்த 11ஐயும் அடித்துவிடுங்கள். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் செய்கிற ஒரே ஒரு காரியத்தை, ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாததை, வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து, எதை வைத்துக்கொண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.