கியோட்டோ பஸ்ஸில் எந்த வாசல்?

கே: கியோட்டோ சிட்டி பஸ்ஸில் டிக்கெட் எப்போது, யாரிடம் வாங்குவது?

ப: கண்டக்டரே கிடையாது. பின்வாசலில் ஏறி, முன்வாசலில் இறங்கும்போது டிரைவர் பக்கத்துப் பெட்டியில் காசு போட வேண்டும். நகருக்குள் எங்கு இறங்கினாலும் பெரியவருக்கு 230 யென். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இந்தப் பெட்டியில்தான். அது மீதி தராது; 500 யென் நாணயத்தைப் போட்டால் 270 போனது போனதுதான்! அதே பெட்டியில் சில்லறை மாற்றும் துளை தனியாக உண்டு. 1,000 யென் நோட்டை முதலில் அங்கே மாற்றி, பிறகு சரியான தொகையைப் போடுங்கள். 10,000 நோட்டை அது ஏற்காது. இகோக்கா, சுயிகா போன்ற, முன்கூட்டியே பணம் ஏற்றிய பயண கார்டு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இறங்கும்போது கார்டைப் பெட்டியில் ஒருமுறை தொட்டால் போதும்.

சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒருநாள் பாஸ் 1,100 யென். பஸ்ஸில் மட்டும் போவதென்றால் இந்தப் பாஸ் ஐந்தாவது பயணத்தில்தான் லாபம்.