வட சென்னையில் பணக்காரர்கள் வாழும் பகுதியே ஏன் இல்லை?

தென் சென்னையின் போட் கிளப், அடையாறு மாதிரி வடக்கே ஒன்றும் இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இராயபுரத்துக்காரன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரின் பணமே வடக்கில்தான் இருந்தது. ஜார்ஜ் டவுனின் தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெருவில் பெரிய வணிகர்கள் கடையும் வீடுமாக வாழ்ந்தார்கள். இராயபுரத்தில் பார்சிகள் 1910-இல் கட்டிய அக்னி ஆலயம் இன்றும் இருக்கிறது. சௌகார்பேட்டையில் இப்போதும் பணம் உண்டு, தோட்டம் வைத்த பங்களாதான் கிடையாது.

அப்புறம் என்ன ஆனது? 1856-இல் இராயபுரம் ரயில் நிலையம் வந்தது. பின்னாலேயே பின்னி துணி ஆலைகள், துறைமுகம். துறைமுகச் சுவர் மணலைத் தெற்கே தடுத்து நிறுத்தியதால் மெரினா அகலமானது. எங்கள் பக்கம் கடல் கரையை அரித்தது. இதைத்தான் என்னால் மறக்க முடிவதில்லை. அங்கே உலாவ மணல், இங்கே அலையைத் தடுக்கக் கருங்கல்.

வசதியானவர்கள் தெற்கே போனார்கள். 1920-களில் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். வடக்கே 1969-இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், அடுத்து எண்ணூரில் அனல்மின் நிலையமும் வந்தன. அந்தப் புகைக்குப் பக்கத்தில் யார் பங்களா கட்டுவார்கள்?